முதல் சனிக்கிழமைச் சங்கு

எங்கள் ரோட்டன்வெர்ட் நகரமன்றம் ஒருமனதாக எடுத்த முடிவுகள் எனக்குத் தெரிந்து இரண்டுதான். ஒன்று, சாய ஆலைக்காரர்கள் இலவசமாகக் கட்டிக் கொடுத்த நீச்சல் குளத்தை வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டது. இன்னொன்று, மாதத்தின் முதல் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அபாயச் சங்கை ஊதிப் பார்ப்பது என்று தீர்மானித்தது. மற்ற எல்லாவற்றுக்கும் அவர்கள் அடித்துக்கொள்வார்கள். தெருவிளக்குக்கு என்ன நிறம் பூசுவது என்பதற்கே ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை போட்டவர்கள்.

அந்தச் சங்கு போர்க்காலத்தில் நகரமன்றக் கூரையில் ஏறியது. போர் முடிந்ததும் அதன் சத்தத்தை இனிக் கேட்கவே மாட்டோம் என்று ஜனங்களே இறக்கிப் போட்டார்கள். பிறகு ஆலை பெருத்தது, தொட்டிகள் பெருத்தன, சங்கு திரும்பவும் கூரை ஏறியது. சோதனைக்கு ஒரு ஒலி, நிஜ அபாயத்துக்கு வேறு ஒலி என்று வைத்தால் ஜனங்கள் குழம்பிவிடுவார்கள் என்று யாரோ ஒரு உறுப்பினர் பேசினாராம். ஆகவே ஏறி ஏறி இறங்கும் அந்த அபாய ஒலியையே சோதனைக்கும் வைத்தார்கள். ஜனங்களுக்குக் காது பழகட்டும் என்றார்கள். காது நன்றாகவே பழகியது. பழகிப்போய், கேட்பதையே விட்டுவிட்டது.

கேட்பதை விட்டால்கூடப் பரவாயில்லை. சங்கு ஊதினால் இந்த ஊரில் ஆட்கள் ஓடி வருவார்கள், கிஸ்பெர்ட்டின் கடைக்கு.

கிஸ்பெர்ட் சந்தைச் சதுக்கத்தின் கிழக்கு ஓரத்தில், சாயக்காரர் சந்து வந்து சேருகிற மூலையில் சாசேஜ் சுட்டு விற்பவன். அதற்கு முன்பு ஆலையில் சாயம் கலக்கிக்கொண்டிருந்தான். ஆற்றுத் தண்ணீர் திங்களன்று நீலமாகவும் வியாழனன்று சிவப்பாகவும் ஓடிய காலத்து ஆள். ஆலை அவனுக்குக் கொடுத்தது ஒரு சின்ன ஓய்வூதியம். எடுத்துக்கொண்டது அவன் மூக்கை. சாசேஜ் கருகினால்கூட அவனுக்கு வாசனை தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் திருப்பிப் போடுவான். முதல் சனிக்கிழமைகளில் சங்கு ஊதத் தொடங்கியதும் அடுப்புக்குப் பக்கத்தில் குட்டிக் கிளாஸ்களை வரிசையாக அடுக்கி, ஊதி முடிகிற வரை வருகிறவர்களுக்கெல்லாம் ஷ்னாப்ஸ் சாராயம் ஊற்றுவான். இலவசமாக. எப்போது ஆரம்பித்தான் என்று அவனுக்கே நினைவில்லை. ஊரில் இதற்குச் சங்கு ஷ்னாப்ஸ் என்று பேர் விழுந்துவிட்டது.

நான் சந்தை மேற்பார்வையாளர். எந்தக் கடை எங்கே, எந்தத் தராசு சரி, யார் மணி அடித்த பிறகும் விற்கிறார்கள் என்று பார்த்து அபராதம் போடுவது என் வேலை. ஊரில் என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் ஊரைக் கண்டால் அவ்வளவாக ஆகாது. கிஸ்பெர்ட் ஒருவன்தான் விதிவிலக்கு. சங்கு ஊதும்போது முதல் கிளாஸ் எனக்குத்தான். அதை வாங்கிக்கொண்டு முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு நான் சொல்வேன்: "கிஸ்பெர்ட், இன்னைக்கு நிஜம்."

"அப்படியா? அப்போ இன்னொண்ணு ஊத்தறேன். சாகப்போறவங்க ஒத்தக் கிளாஸோட போகக்கூடாது" என்று அவன் குனிந்து அடியிலிருந்து நல்ல பாட்டிலை எடுப்பான். அந்தப் பாட்டில் எனக்கு மட்டும். மாதா மாதம் இதே பேச்சு, இதே சிரிப்பு. என் கணவன் ஃபோல்க்மார்கூட என்னோடு இவ்வளவு ஒழுங்காகச் சிரித்ததில்லை.

அது மே மாதம். ஸ்பார்கல் பருவம். ஸ்பார்கல் என்கிற அந்த வெள்ளைத் தண்டுக் காய் வாங்க எர்ம்கார்ட் கடையில் வரிசை சதுக்கத்தைச் சுற்றி வளைந்து நின்றது. காற்று ஆற்றுப் பக்கமிருந்து அடித்தது. அதாவது ஆலைப் பக்கமிருந்து. நான் நகரமன்றக் கட்டடத்தின் வளைவுக்குக் கீழே இருக்கிற என் சின்ன அறையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது.

"வில்ட்ரூட், நான்தான். குறுக்க பேசாம கேளு" என்றான் ஃபோல்க்மார். அவன் ஆலையின் தீயணைப்புப் படையில் இருக்கிறான். பின்னால் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். "குளோரின் தொட்டியில வால்வு பிச்சுக்கிச்சு. காத்து சந்தைப் பக்கம் அடிக்குது. சங்கை அழுத்திட்டோம்."

"மேனேஜர் மேயர்கிட்ட சொல்லிட்டாரா?"

"அவர் இன்னும் யோசிச்சுட்டிருக்கார். அவரை நம்பாதே. ஜனங்களை உள்ள ஏத்து. மாடிக்கு ஏத்து. கீழ்த்தளத்துக்கு ஒருத்தரையும் விடாதே. அது கனமான காத்து, தரையோட தவழ்ந்து வரும்."

அப்போது என் தலைக்கு மேலே கூரையில் சங்கு ஊத ஆரம்பித்தது. ஏறி, இறங்கி, திரும்ப ஏறி. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ஃபோல்க்மார், மணி என்னன்னு பாத்தியா?"

"எதுக்கு?"

"பன்னெண்டு. முதல் சனிக்கிழமை."

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது தோன்றவே இல்லை. "அட தெய்வமே" என்றான், மெல்லத்தான். போன் வைக்கப்பட்டது.

வெளியே வந்தேன். ஜனங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள்: கிஸ்பெர்ட்டின் கடையைப் பார்த்து, சிரித்துக்கொண்டு, தெருக்கோடியில் இருந்தவர்கள்கூட. சாயக்காரர் சந்து வழியாகத்தான் அந்தக் காற்று வந்தாக வேண்டும். அந்தச் சந்தின் வாய்க்கு நேரே, ஊர் கூடிக் கிளாஸ் நீட்டிக்கொண்டு நின்றது.

காலி மரப்பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்று கத்தினேன். "எல்லாரும் கேளுங்க. இது சோதனை இல்ல. ஆலையில குளோரின் கசியுது. உடனே நகரமன்றத்துக்குள்ள போங்க, மாடிக்கு."

மீன் வண்டிக்காரர் ஹார்ம்ஸ் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார், "பாத்தீங்களா, இன்னும் முதல் கிளாஸே உள்ள போகல, அம்மாவுக்கு ஏறிடுச்சு."

சிரிப்பு அலை மாதிரி ஓடியது. என் தொண்டை கிழிந்தது. சங்குச் சத்தத்தில் பாதி யாருக்கும் கேட்கவும் இல்லை. கேட்டவர்களுக்கு அது நானும் கிஸ்பெர்ட்டும் மாதா மாதம் போடுகிற கூத்து, இந்த மாதம் கொஞ்சம் பெரிதாகப் போடுகிறோம். அவ்வளவுதான்.

பெட்டியிலிருந்து குதித்து எர்ம்கார்டின் தோளைப் பிடித்தேன். "எர்ம்கார்ட், கடையை விடுங்க. மாடிக்கு வாங்க. உங்க வரிசை மொத்தத்தையும் கூட்டிட்டு வாங்க."

"கையை எடுங்க" என்றாள் அவள். "போன வருஷம் மணி அடிச்சப்புறம் வித்த ஒரு கிலோவுக்குப் போட்டீங்களே அபராதம், அதுவே இன்னும் எரியுது. இந்தக் கூட்டத்தை விட்டுட்டு உங்க பின்னாடி வரணுமா? வேற ஆளைப் பாருங்க."

வரிசையில் முன்னால் நின்ற பெண்மணி என்னைப் பார்த்து, "நாங்க ரொம்ப நேரமா நிக்கறோம், தெரியுமில்ல?" என்றாள். கூடையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். வரிசையில் தன் இடத்தை விட்டுக்கொடுப்பதற்கு எங்கள் ஊரில் ஒருவர் செத்திருக்க வேண்டும்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று கெஞ்சுகிறேன், அபராதத்தைப் பேசுகிறார்கள். போங்கள், கிடந்து சாகுங்கள் என்று ஒரு கணம் மனதுக்குள் சொல்லியே விட்டேன். அந்தக் கோபத்தில்தான் எனக்கு வழி தெரிந்தது. இவர்கள் பயந்து நகர மாட்டார்கள். கோபம் வந்தால் நகர்வார்கள். அதை உண்டாக்குவதில் இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை.

வளைவுக்குக் கீழே சந்தை முடியும் மணி தொங்குகிறது. ஒரு மணிக்குத்தான் அதை அடிக்க வேண்டும். கயிற்றைப் பிடித்து இழுத்தேன். விடாமல் இழுத்தேன்.

சங்கைக் கேட்காத காதுகள் அந்த மணியைக் கேட்டன. சதுக்கம் முழுக்கத் தலைகள் திரும்பின. கத்தியைக் கீழே வைத்த கசாப்புக்காரன், நிறுப்பதைப் பாதியில் விட்ட எர்ம்கார்ட், வாயருகே கிளாஸோடு ஹார்ம்ஸ். அப்போது சங்கின் முதல் சுற்று முடிந்து சிறு இடைவெளி விழுந்தது.

"சந்தை முடிஞ்சுது" என்றேன். கத்தவில்லை, அபராதம் படிக்கிற என் அலுவலகக் குரலில் சொன்னேன். "இன்னையோட மொத்தமா முடிஞ்சுது. திங்கக்கிழமையிலிருந்து இந்தச் சதுக்கம் கார் நிறுத்தற இடம். நகரமன்றம் முடிவு பண்ணியாச்சு. மேயர் மேலதான் இருக்காரு. கையெழுத்துப் போட்டுட்டிருக்காரு."

ஒரு வார்த்தை உண்மை இல்லை. கார் நிறுத்தும் இடம் என்று ஒரு பேச்சு இரண்டு வருஷமாக மன்றத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவே. மேயர் ப்ராங்கல் மேலே இருந்தது மட்டும் நிஜம். மாதத்தின் முதல் சனிக்கிழமை மன்றக் கூடத்தில் உட்கார்ந்து பொதுமக்களின் குறை கேட்பார். அநேகமாக யாரும் போக மாட்டார்கள். அவர் செய்தித்தாள் படித்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

உண்மையை நெஞ்சு வெடிக்கக் கத்தினேன், ஒரு ஆள் அசையவில்லை. இந்தப் பொய்யை ஒரு தரம் சொன்னேன். சதுக்கம் கொதித்தது.

"என்னது?" என்றாள் எர்ம்கார்ட். "யாரைக் கேட்டு முடிவு பண்ணாங்க?"

"என்னைக் கேக்காதீங்க. நான் மணி அடிக்கற ஆளு. கேக்கணும்னா மேல போய்க் கேளுங்க. கையெழுத்து விழறதுக்குள்ள கேளுங்க."

"எங்க தாத்தா காலத்துலேருந்து மீன் வண்டி இங்கதான் நிக்குது" என்று ஹார்ம்ஸ் கிளாஸை விட்டெறிந்தார். "வாங்கய்யா. அந்த ப்ராங்கலை ரெண்டுல ஒண்ணு பாத்துடுவோம்."

வந்தார்கள். கடைக்காரர்கள் மட்டுமல்ல, கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசை மொத்தமும் வந்தது, வரிசை கலையாமலே வந்தது. நான் முன்னால் நடந்தேன். முதுகுக்குப் பின்னால் என்னையும் என் வம்சத்தையும் திட்டுகிற சத்தம் கேட்டது. இதைவிட இனிமையான சத்தத்தை என் காது கேட்டதில்லை. நான் நின்றால் அவர்களும் நிற்பார்கள், நின்றால் பேச ஆரம்பிப்பார்கள், பேச ஆரம்பித்தால் போச்சு. அதனால் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

மாடிப்படி வாசல் கட்டடத்தின் கிழக்குக் கோடியில் இருக்கிறது, கிஸ்பெர்ட்டின் கடையைத் தாண்டித்தான் அதற்குப் போக வேண்டும். அவன் மட்டும் அடுப்புக்குப் பின்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தான். சாசேஜைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, எங்கள் ஊர்வலத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு.

"நீயும் வா" என்றேன், நடந்துகொண்டே.

"எனக்கென்ன குறை? கார் நிறுத்தறவனுக்கும் தாகம் எடுக்கும்" என்றான்.

"கிஸ்பெர்ட், நெஜம்மா சொல்றேன். இன்னைக்கு நிஜம். வா."

அவன் முகம் மலர்ந்தது. ஐயோ, அப்படி மலர்ந்தது. இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு நடுவிலும் எங்கள் விளையாட்டை நான் மறக்கவில்லை என்ற சந்தோஷம். "போ, போய் திட்டு வாங்கிட்டு வா. உன் கிளாஸை நான் பாத்துக்கறேன்."

நின்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். பின்னால் இருநூறு பேர். நின்றால் அவர்கள் அங்கேயே, அந்தச் சந்தின் வாயிலேயே நின்றிருப்பார்கள், கிளாஸ்களும் அங்கேயேதான் இருந்தன. நான் நடந்தேன். இவர்களை ஏற்றிவிட்டு வந்து இவனை இழுத்துப்போகலாம் என்று நினைத்தேன்.

மன்றக் கூடம் மாடியில் இருக்கிறது. சாயத்தில் பணம் கொழித்த காலத்தில் கட்டியது; தேக்குப் பலகைச் சுவர், கோட்டைக் கதவு. மேயர் ப்ராங்கல் செய்தித்தாளை மடித்துவிட்டுப் புன்னகையோடு எழுந்தார். புன்னகை பாதியில் நின்றது.

"கார் நிறுத்தமா?" என்றார். "யார் சொன்னது? கையெழுத்தா? எதுல?"

இருநூறு பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். கடைசி ஆள் உள்ளே வந்ததும் நான் கீழே ஓடத் திரும்பினேன். படிக்கட்டின் ஜன்னலில் பார்த்தேன். சாயக்காரர் சந்தின் மறு கோடியில், கல் தளத்தின் மேல், மஞ்சளும் பச்சையுமாக ஏதோ வழிந்து வந்துகொண்டிருந்தது. புகை என்றால் மேலே போகும். இது போகவில்லை. கொட்டிய பால் மாதிரி தரையில் பரவியது. வாசல் கதவை அறைந்து பூட்டத்தான் நேரம் இருந்தது. பூட்டிவிட்டு மேலே ஓடி வந்து, மன்றக் கூடத்தின் கதவையும் பூட்டி, சாவியைக் கையில் பிடித்துக்கொண்டேன். கிழக்குச் சுவரில் தொங்கிய ஊர்க்கொடியை உருவி, மேஜைக் கூஜாத் தண்ணீரில் நனைத்து, கதவுக்கு அடியில் திணித்தேன்.

"அது ஊர்க்கொடி" என்றார் மேயர்.

"தெரியும். நல்ல கெட்டித் துணி" என்றேன். "ஆலையில குளோரின் கசிஞ்சிருக்கு. ஒருத்தரும் வெளிய போகக்கூடாது."

கூடம் முன்னைவிட மோசமாகக் கத்தியது. மேயர் போனை எடுத்தார். ஆலை மேலாளரோடு பேசினார். 'சரி', 'நினைச்சேன்', 'நன்றி' என்று மூன்று தரம் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார். முகத்தில் வெற்றிக் களை.

"லேசான வாசனை வரலாமாம். ஆபத்து ஒண்ணும் இல்லையாம். இது வழக்கமான சோதனைச் சங்குதான்னு எல்லாருக்கும் சொல்லச் சொன்னாரு." கையை நீட்டினார். "சாவி. உங்க வேலை போச்சுன்னு தனியா சொல்ல வேண்டியதில்லைன்னு நினைக்கறேன்."

நான் கொடுக்கவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். ஹார்ம்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார், மீன் வெட்டுகிற கை, எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. "குடுத்துடுங்கம்மா. பொம்பளைன்னு பாக்கறேன்."

அப்போது ஜன்னலருகே நின்ற எர்ம்கார்ட், "என் ஸ்பார்கல்" என்றாள்.

அவள் குரலைக் கேட்டுத்தான் ஹார்ம்ஸ் பிடியை விட்டார். எல்லோரும் ஜன்னலுக்குப் போனார்கள். எங்கள் கூடத்து ஜன்னல்கள் ஆலை அன்பளிப்பாகக் கொடுத்த வண்ணக் கண்ணாடி. சாயத் தொட்டி, ஆறு, கைகோத்த தொழிலாளிகள் என்று ஒரே கோலாகலம். திறக்க முடியாது. கீழ் வரிசை மட்டும் சாதாரணக் கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் பூக்கடை வாளிகளில் இலைகள் வெளுத்துக்கொண்டிருந்தன. புறாக்கள் பறக்கப் பார்த்து, பறக்க முடியாமல் உருண்டன. மஞ்சள் காற்று சந்தின் வாயிலிருந்து ஒவ்வொரு கடையாக மேஜைக்கு அடியில் நுழைந்தது. எர்ம்கார்டின் கடைக்கு அடியிலும்.

"கீழ் அறைக்கு" என்று ஒரு கிழவர் கத்தினார். "ஒயின் அறைக்கு ஓடுங்க." போர்க்காலத்தில் இதே சங்கு இவரை எத்தனை தரம் கீழே ஓட்டியதோ, கால் தானாகக் கீழே போகிறது. நாலைந்து வயதானவர்கள் கதவை நோக்கி வந்தார்கள்.

"கீழ போனா சாவுதான்" என்றேன். "இது குண்டு இல்ல, தண்ணி மாதிரி பள்ளத்துக்குப் போகும். யாரும் கதவைத் திறக்கக்கூடாது. யாரும்."

இந்த முறை நம்பினார்கள். ஹார்ம்ஸ் தன் கோட்டைக் கழற்றிக் கதவிடுக்கில் அடைத்தார். மேயர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சங்கு ஓய்ந்தது.

அதற்குப் பிறகுதான் நான் ஜன்னலுக்குப் போனேன்.

கிஸ்பெர்ட் அடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். சந்துக்கு முதுகைக் காட்டி, நகரமன்றத்தைப் பார்த்து. அவன் மேடை கொஞ்சம் உயரம். மஞ்சள் அவன் முழங்காலுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது. மூக்குச் செத்தவனுக்கு என்ன தெரியும்? கண் எரிச்சலை அடுப்புப் புகை என்று நினைத்திருப்பான், புறங்கையால் துடைத்துக்கொண்டான். நான் கண்ணாடியைத் தட்டினேன். நிமிர்ந்து பார்த்தான். என் கிளாஸைத் தூக்கிக் காட்டினான்.

கதவுக்கு ஓடினேன். எர்ம்கார்ட் அங்கே நின்றுகொண்டிருந்தாள், கதவோடு கதவாக.

"வழி விடுங்க. கிஸ்பெர்ட் கீழ இருக்கான்."

"தெரியும்" என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். "நீங்கதான சொன்னீங்க, யாரும் திறக்கக்கூடாதுன்னு. உள்ள இத்தனை உசுரு இருக்கு."

அவளை அடித்துத் தள்ளியிருப்பேன். ஆனால் அவள் சொன்னது சரி. கீழே இறங்கி வாசலைத் திறந்தால் படிக்கட்டு வழியாக அது இவர்களிடம் வந்துவிடும். திரும்பினேன். மேயரின் மேஜையில் பித்தளை மணி இருந்தது, உறுப்பினர்கள் அடித்துக்கொள்ளும்போது அவர் ஆட்டுவது. அதைத் தூக்கிக் கண்ணாடியில் எறிந்தேன். கைகோத்த தொழிலாளிகளில் ஒருவன் நொறுங்கி வெளியே விழுந்தான். அந்த ஓட்டையில் முகத்தை வைத்து, என்னிடம் இருந்த குரல் மொத்தத்தையும் சேர்த்துக் கத்தினேன்.

"கிஸ்பெர்ட். நிஜம். இது நிஜம். மேல ஏறு."

சதுக்கம் அமைதியாக இருந்தது. அவனுக்கு நன்றாகக் கேட்டது. அவன் சிரித்தான், இவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது.

"அப்போ இன்னொண்ணு ஊத்தறேன்" என்றான்.

நல்ல பாட்டிலை எடுக்கக் குனிந்தான். மேஜைக்கு அடியில், அந்த மஞ்சளுக்குள். ஒரு தரம் அவன் கை மேலே வந்து மேஜை விளிம்பைப் பிடித்தது. கிளாஸ்கள் சரிந்தன. பிறகு கையும் வரவில்லை.

யாரோ என்னை இழுத்துவிட்டு ஓட்டையில் ஒரு கம்பளிச் சட்டையை அடைத்தார்கள். அதற்கப்புறம் முகமூடி போட்ட மூன்று பேர் சதுக்கத்துக்குள் வந்ததைப் பார்த்தேன். ஒருவன் சாசேஜ் கடைக்குப் பின்னால் மண்டியிட்டு, எழுந்து, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். அது ஃபோல்க்மார் என்று பிறகு தெரிந்தது. கிஸ்பெர்ட் மருத்துவமனை வாசலைப் பார்க்கவில்லை.

மறுநாள் மேயர் வானொலியில் பேசினார். நகர நிர்வாகம் முன்யோசனையோடு செயல்பட்டதால் உயிர்ச்சேதம் பெரிதாக இல்லை என்றார். பெரிதாக இல்லை. நான் வானொலியை அணைக்கவில்லை, தூக்கி முற்றத்தில் எறிந்தேன். ஃபோல்க்மார் போய்த் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். என் வேலை போகவில்லை. மன்றத்தில் எனக்கு நன்றி சொல்லி ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். அதுவும் ஒருமனதாக. இனிமேல் சோதனைச் சங்கே வேண்டாம் என்றும் முடிவு செய்தார்கள்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதவில்லை. சதுக்கத்தில் எல்லாருடைய கையும் நின்றது. தலைகள் கூரையைப் பார்த்தன. ஹார்ம்ஸ் தொப்பியைக் கழற்றினார். கிழக்கு ஓரத்து மூலையில் நான் யாருக்கும் இடம் ஒதுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

எர்ம்கார்ட் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அபராதம் போட்ட நாளிலிருந்து அவளாக என்னிடம் வந்தது அதுதான் முதல் தரம். கிஸ்பெர்ட்டைப் பற்றித்தான் பேசப்போகிறாள் என்று நினைத்து மனதைக் கெட்டிப்படுத்திக்கொண்டேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள். "அந்தக் கார் நிறுத்தற இடம். அது வராதில்ல?"

"வராது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பின்னால் இரண்டு மூன்று கடைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நிஜம்மாவா?" என்றாள்.

நிஜம் என்ற ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் முடிந்தது. வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் நம்பவில்லை.